பகை உறவான கதை

வானொலி அலை சுவர்களில் மோதிப் பலவாய்ச் சிதறி வருவதைப் பொறியாளர்கள் நெடுங்காலம் இடையூறென்றே கருதினர். 1958இல் பிரைசும் கிரீனும் வெளியிட்ட 'ரேக்' ஏற்பி, அச்சிதறல்களைத் திரட்டிப் பயன்கொள்ளலாமெனக் காட்டிற்று. 1992இல், பொள்ளாச்சியில் பிறந்து இந்தியக் கடற்படையில் பணியாற்றிய ஆரோக்கியசாமி பால்ராஜ், ஸ்டான்ஃபோர்டில் தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்: ஒரே அலைவரிசையில் பல ஆண்டெனாக்கள் வெவ்வேறு செய்திகளை அனுப்பலாம் என்பதே அதன் கருத்து.

கலந்து வரும் செய்திகளைப் பிரிப்பதெங்ஙனம்? இருதரப்பும் முன்பே அறிந்த குறிகளை இடையிடையே அனுப்புவர். அவை சென்றடைந்த உருவை அனுப்பிய உருவோடு ஒப்பிட்டால், வழியின் இயல்பு விளங்கும். ஆனால் அனுப்பும் ஆண்டெனா பெருகப் பெருக இக்குறிகளும் பெருகும். வாகனம் விரைந்தால் வழியே மாறிவிடும், மீண்டும் அளக்க வேண்டும். அளவைக்குச் செலவிடும் நேரம் செய்திக்குக் குறையும். நம் நான்காம் தலைமுறைக் கைபேசிகளும் அவ்விலையைக் கொடுத்தே பேசுகின்றன.