சேம அச்சும் சாய்ந்த சக்கரமும்

மாசாய் வட்டாரத்தில் மழை ஓய்ந்த மாலையில் சாலையோரம் நிற்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். நீர் தேங்கிய பள்ளத்தைக் கடந்து உலர்ந்த தார்ப்பரப்பில் ஏறும் மகிழுந்து, தன் பின்னே ஈரத் தடம் விட்டுச் செல்லும். செம்மையான வண்டியாயின் முன்சக்கரங்கள் இட்ட தடத்தின்மீதே பின்சக்கரங்களும் ஏறிச் செல்லும். காண்பவர்க்கு இரண்டு கோடுகளே தெரியும். முன்சக்கரங்களின் இடைவெளியும் பின்சக்கரங்களின் இடைவெளியும் சிறிது வேறுபடும் வண்டிகளும் உண்டு. அவற்றில் விலகல் இருபுறமும் ஒரே அளவினதாக இருக்கும். ஒருபுறமாகவே விலகி, நண்டு நடப்பதுபோல் உடலைச் சாய்த்துக்கொண்டு ஓடும் வண்டியோ, பெரும்பாலும் என்றோ ஒருநாள் எதன்மீதோ மோதிய வண்டியாகும்.

வண்டியின் அச்சைப்பற்றிய கவலை தமிழனுக்குப் புதியதன்று. உப்பு வாணிகம் செய்த உமணர், மேடும் பள்ளமும் எப்படியிருக்குமோ என்றஞ்சி, வண்டியின் அடிமரத்தில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றனர். அதற்குச் ‘சேம அச்சு’ என்று பெயர். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் பொகுட்டெழினியை இந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். நாம் வகுப்பில் இப்பாடலை உவமை நயத்திற்காகவே நடத்திவிட்டு மேலே சென்றுவிடுகிறோம். அச்சு முறிவது அக்காலப் பெருவழிகளில் அன்றாட நிகழ்ச்சியாக இருந்தாலன்றி இவ்வுவமை பிறந்திருக்க முடியாது என்பதையும் மாணவர்க்கு உணர்த்தலாம். உமணர் கண்ட துன்பம் எளிமையானது. முறிந்த அச்சு கண்ணுக்குத் தெரியும். முறியாமல், அளவு மட்டும் பிறழ்ந்து நிற்கும் அச்சு தெரியாது. அது பிற்காலத்துத் துன்பம்.

மாட்டு வண்டி திரும்பும்போது முழு அச்சுமே நுகத்தோடு சேர்ந்து திரும்பிவிடுகிறது. நான்கு சக்கர வண்டிக்கு இது போதாது. வளைவில் உட்சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிச்சக்கரம் பெரிய வட்டத்திலும் உருளவேண்டியிருப்பதால், இரண்டும் வெவ்வேறு கோணத்தில் திரும்புதல் வேண்டும். 1816இல் மியூனிக் நகர வண்டித் தச்சர் கியோர்க் லாங்கன்ஸ்பெர்கர் இதற்கொரு வழி கண்டார். அவர் சார்பில் 1818இல் இங்கிலாந்தில் காப்புரிமை பதிந்தவர் ருடால்ஃப் அக்கர்மன். இந்த அக்கர்மன் இலண்டனில் படங்களும் நூல்களும் வெளியிட்டுவந்த பதிப்பாளர். இன்றும் உலகெங்கும் அவ்வமைப்பு ‘அக்கர்மன்’ என்றே வழங்குகிறது. தச்சரின் பெயரைச் சொல்வார் இல்லை. எழுத்தாளர் கூடும் இடத்தில் பதிப்பாளரைப்பற்றி இதற்குமேல் பேசுவது முறையாகாது.

தொடக்ககால மோட்டார் வண்டிகளுக்கு ஏணி போன்ற கனத்த இரும்புச் சட்டகம் இருந்தது. உடற்கூடு அதன்மேல் வைத்த பெட்டி மட்டுமே. மோதலில் பெட்டி நசுங்கினாலும் சட்டகம் நேராக இருக்கிறதா என்று அளந்து பார்ப்பது எளிது. 1922இல் இத்தாலியின் லான்சியா லாம்டா உடற்கூட்டையே சட்டகமாக்கிக் காட்டியது. 1948இல் வெளிவந்து மலாயாச் சாலைகளில் நிறைந்திருந்த மோரிஸ் மைனரும் தனிச் சட்டகம் இல்லாத வண்டியே. 1950ஆம் ஆண்டு இலண்டன் கண்காட்சியில் வைக்கப்பட்ட ஃபோர்டு கான்சல், செஃபிர் வண்டிகளில் ஏர்ல் மக்பர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளரின் தாங்குதூண் இடம்பெற்றது. சுருள்வில்லும் அதிர்வடக்கியும் ஒரே தூணாகி, அதன் மேல்முனை இயந்திர அறையின் பக்கச்சுவரில் பொருத்தப்பட்டது. 1985 ஜூலையில் வெளிவந்த நம் நாட்டுப் புரோட்டோன் சாகாவின் முன்பக்கமும் இவ்வகையினதே. விளைவு என்னவெனில், மெல்லிய தகட்டுச் சுவரே சக்கரத்தின் நிலையைக் காக்கும் எலும்பாயிற்று. சுவர் ஒரு விரற்கடை நகர்ந்தால் சக்கரமும் நகரும்; மேலே பூசிய வண்ணம் அதை மறைத்துவிடும்.

மாசாய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். 1977இல் பாசிர் கூடாங்கில் ஜொகூர்த் துறைமுகம் இயங்கத் தொடங்கியபின் இப்பகுதியின் வாழ்க்கை மாறியது. தோட்டத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள் தொழிற்சாலைகளுக்கும் தாமான் வீடுகளுக்கும் பெயர்ந்தனர். மிதிவண்டியில் பால்மரக் காட்டுக்குச் சென்றவரின் மகனுக்கு, வேலை முறை மாறும் நள்ளிரவில் வீடு திரும்ப மகிழுந்து தேவைப்பட்டது. புதியது வாங்க இயலாதவர்க்குப் பழையதே கதி. பழைய வண்டிகளோடு ‘ஹாஃப் கட்’ எனப்படும், ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி இறக்குமதியான முன்பகுதிகளும் இந்நாட்டுச் சந்தைக்கு வந்தன. இயந்திரத்தை மாற்றுவதற்கு அவை பெரிதும் பயன்பட்டன. ஆனால் இரண்டு உடல்களை ஒட்டி ஒரு வண்டியாக்கி விற்பவர்களும் இருந்தனர். 1994 முதல் இயங்கிவரும் புஸ்பாக்கோம் உரிமை மாற்றத்தின்போது வண்டியைச் சோதிக்கிறது. பதிவேட்டில் உள்ள வண்டி இதுவேதானா, வெட்டி ஒட்டப்பட்டதா என்று காண்பதே அச்சோதனையின் தலையாய நோக்கம். சக்கரக் கோணங்களை அளந்து சொல்வது அன்று.

1996இல் நானும் ஒரு பழைய சாகாவை வாங்கினேன். விற்றவர் மோதிய செய்தியைச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கையை எடுத்தால் வண்டி இடப்பக்கம் நகர்ந்தது. மூன்று முறை அலைன்மென்ட் செய்தேன். ஒவ்வொரு முறையும் சுக்கான் வளையம் நேராயிற்று; வண்டி மட்டும் நேராகவில்லை. காலையில் அந்த வண்டியில் என்னோடு பள்ளிக்கு வந்த பிள்ளைகள் நால்வர். பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் கனவுந்துகளின் பக்கத்தில் செல்லுங்கால் என் இரு கைகளும் வளையத்தை வலப்புறம் இழுத்தபடியே இருக்கும்.

கடைசியில் ஒரு முதிய போர்மனிடம் சென்றேன். (மெக்கானிக்கை இங்கே அவ்வாறுதான் அழைக்கிறோம்.) தோட்டத்து லாரிக் கொட்டகையில் தொழில் கற்றவர். அவர் முதலில் முன்சக்கரங்களை இடம் வலமாக மாற்றிப் போட்டு ஓட்டினார். இழுப்பு வலப்பக்கம் மாறியிருந்தால் குற்றம் டயருடையது, மாறவில்லை. பின்பு சக்கரங்களின் நடுவே தொட்டுப் பார்த்தார். பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் அச்சக்கரம் மட்டும் சுடும். அதுவும் இல்லை. “சார், சக்கரத்தையே பார்த்துக்கிட்டிருக்காதீங்க, உடம்பைப் பார்க்கணும்” என்றார்.

சமதளமான சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்தி, அடித்தட்டில் இருபுறமும் ஒத்திருக்கும் துளைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டுச் சுண்ணக்கட்டியால் புள்ளி வைத்தார். வண்டியைத் தள்ளிவிட்டுக் குறுக்குவாட்டில் நூல் பிடித்தார். இரண்டு மூலைவிட்டங்களும் ஒத்திருக்கவேண்டும், ஒக்கவில்லை. முன்பின் சக்கர நடுவங்களின் தொலைவு இடப்பக்கம் ஒரு விரற்கடை குறைவாக இருந்தது. பின்னர் இடப்பக்கக் கீழ்க்கை பொருந்தும் இடத்தைக் காட்டினார். கை புதியது, அது பொருத்தப்பட்ட தகடு பின்னோக்கி மடிந்து, தட்டி நிமிர்த்தி, கறுப்புச் சாயம் பூசப்பட்டிருந்தது. ஆலையில் இட்ட பற்றுப்புள்ளிகள் வரிசையாக, ஒரே வட்டமாக இருக்கும். இங்கோ புழு ஊர்ந்ததுபோல் பற்றவைப்பு ஓடியது.

இதன் காரணத்தை மாணவர்க்கு இப்படி விளக்கலாம். மிதிவண்டியின் முன்கவை சற்றே பின்சாய்ந்திருப்பதும், கையை எடுத்தாலும் அது நேராக ஓடத் துணைசெய்கிறது. மகிழுந்தின் திருப்ப அச்சுக்கும் அத்தகைய பின்சரிவு உண்டு. பட்டறையில் அதைக் ‘காஸ்டர்’ என்பர். ஒரு பக்கச் சக்கரத்தின் அடி பின்னே தள்ளப்பட்டால் அப்பக்கத்துச் சரிவு குறையும். வண்டி சரிவு குறைந்த பக்கம் இழுக்கும். சக்கரம் செங்குத்திலிருந்து உள்ளே வெளியே சாய்வது ‘கேம்பர்’. இதில் அளவு மிகுந்தால் டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேயும். இரு சக்கரங்களும் முன்னே குவிவதோ விரிவதோ ‘டோ’. இது பிறழ்ந்தால் டயர்ப்பரப்பைத் தடவும்போது ஒரு திசையில் வழுவழுப்பும் எதிர்த்திசையில் அரம்போன்ற சொரசொரப்பும் தோன்றும். தாங்குதூண் வண்டிகள் பலவற்றில் எளிதில் திருத்தக்கூடியது டோ ஒன்றே. ஆகவே அலைன்மென்ட் செய்பவர் டோவைத் திருத்திக் காசு பெற்றுக்கொள்கிறார். அது சுக்கான் வளையத்தை நேராக்கும். மடிந்த தகட்டை நேராக்காது.

வளைந்தது உறுப்பா, உடலா என்று பிரித்தறியவும் ஒரு கணக்கு உண்டு. திருப்ப அச்சு உட்புறம் சாய்ந்திருக்கும் கோணத்தையும் கேம்பரையும் கூட்டவேண்டும். அத்தொகை இருபுறமும் ஒத்து, தனித்தனி அளவுகள் மட்டும் வேறுபட்டால், தூணும் சக்கரத் தாங்கியும் நலமாக உள்ளன. அவை பூட்டப்பட்ட இடம்தான் நகர்ந்துள்ளது. தொகையே வேறுபட்டால் தூணோ தாங்கியோ வளைந்துள்ளது. என் வண்டியில் தொகை ஒத்திருந்தது; காஸ்டர் மட்டும் இடப்பக்கம் ஒரு பாகைக்குமேல் குறைந்திருந்தது.

இதில் எனக்கு வெட்கம் தந்த செய்தி வேறு. முன்பு மூன்று முறையும் பொறி அச்சிட்டுத் தந்த தாள்கள் வண்டிப் பேழையிலேயே கிடந்தன. மூன்றிலும் அதே காஸ்டர்க் குறைவு பதிவாகியிருந்தது. திருத்தியவர் படிக்கவில்லை என்று குறைகூற எனக்கு உரிமையில்லை. மாணவர் கட்டுரைகளில் ஒற்றுப்பிழையைக்கூட விடாத நானும் அத்தாள்களை மடித்து வைத்தேனேயன்றிப் படிக்கவில்லை.

உடலை இழுத்து நிமிர்த்தும் மேடை ஜொகூர் பாருவில் இருந்தது. அவர்கள் கேட்ட தொகை வண்டியின் விலையில் பாதி. அவ்வேளையில் என் பழைய மாணவன் ஒருவன், பாசிர் கூடாங்கில் இரவு வேலை பார்ப்பவன், வண்டியை விற்பதாயின் தனக்குத் தருமாறு கேட்டு முன்பணத்தோடு வந்தான். நான் மூன்று தாள்களையும் அவனிடம் கொடுத்து, எந்த வரியைப் பார்க்கவேண்டும் என்று காட்டினேன். நெடுநேரம் பார்த்தான். “சார், மூணுலயும் ஒரே கணக்குத்தானே இருக்கு” என்றான். பணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வண்டியை உடைப்புக்குக் கொடுத்தேன். இயந்திரமும் கதவுகளும் விலைபோயின. இடப்பக்கத்து மடிந்த தகட்டை மட்டும் போர்மன் வெட்டி எடுத்துத் தம் பட்டறைச் சுவரில் மாட்டினார். வேலை பழக வரும் பையன்களுக்குக் காட்டுவதற்காம்.