மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வீடுகளுக்கு வாட்ஸ்அப் வழியாகக் காய்கறி விற்பனை: இறங்கும் முன் போட வேண்டிய கணக்கு

காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்ட விவசாயிகள் பயிற்சிக்கு வரும்போது அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்: "சென்னையில் வீட்டுக்கே நேரடியாகக் கொடுத்தால் கட்டுப்படியாகுமா? ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தால் போதுமா?" கட்டுப்படியாகும். ஆனால் எல்லாருக்கும் இல்லை, எல்லாக் காய்க்கும் இல்லை. யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

இந்த வாய்ப்பு எப்படி வந்தது?

சென்னைக்கு வரும் காய்கறியில் பெரும்பகுதி கோயம்பேடு வழியாகத்தான் போகிறது. ஜார்ஜ் டவுன் கொத்தவால்சாவடியில் இருந்த மொத்த வியாபாரம் 1996-ல் அங்கு மாறியது. 2020 கொரோனா ஊரடங்கில், மே 5-ம் தேதி கோயம்பேடு மூடப்பட்டு, மொத்தக் காய்கறி வியாபாரம் திருமழிசைக்குத் தற்காலிகமாகப் போனது. செப்டம்பர் 28-ல்தான் கோயம்பேடு மறுபடி திறந்தது. இடைப்பட்ட மாதங்களில் அடையாறு, மயிலாப்பூர் பக்கம் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் வாட்ஸ்அப் குரூப்பில் ஆர்டர் சேர்த்து, விவசாயிகளிடம் நேரடியாக வாங்கப் பழகின. தோட்டக்கலைத் துறையும் இ-தோட்டம் என்ற இணையதளம் மூலம் வீடுகளுக்குக் காய்கறி, பழம் அனுப்பியது. கடைக்குப் போகாமலேயே காய்கறி வாங்கலாம் என்ற பழக்கம் அப்போது ஊன்றியது.

ஊரடங்கு முடிந்ததும் அந்தப் பழக்கத்தைப் பெரிய கம்பெனிகளின் ஆப்கள் பிடித்துக்கொண்டன. பத்து இருபது நிமிடத்தில் வீட்டு வாசலில் காய் வைக்கும் கம்பெனியோடு வேகத்தில் நாம் போட்டி போட முடியாது. போடவும் கூடாது. அவர்களிடம் கிடைக்காத காயில்தான் நமக்கு இடம் இருக்கிறது.

எந்தப் பகுதியில் எதற்குக் கிராக்கி?

மூன்று பகுதிகளும் அருகருகே இருந்தாலும் வாங்கும் பழக்கம் வேறு வேறு. மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றிய வீடுகளில் நாட்டுக் காய்க்குத் தனி மதிப்பு உண்டு. திதி, திவசம் வரும் நாளில் முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு சேர்க்காத குடும்பங்கள் அங்கே நிறைய. அவர்களுக்கு வாழைக்காய், அவரை, கொத்தவரை, புடலை, பாகல், சேப்பங்கிழங்கு, சேனை வேண்டும். நல்ல வாழைப்பூ, வாழைத்தண்டு, தலைவாழை இலைக்கும் ஆள் உண்டு. மாசி, பங்குனியில் மாவடு. சீசனில் மாகாளிக்கிழங்கு, பச்சைச் சுண்டைக்காய், மணத்தக்காளிக் காய். இவை ஆப்களில் எப்போதும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் ரகம் சரியாக இருப்பதில்லை. மாவடுவில் காம்பு ஒடிந்திருந்தால் அந்த வீட்டுப் பெரியவர்கள் கையால்கூடத் தொடமாட்டார்கள். வாங்குபவருக்குப் பொருள் தெரிந்த சந்தை அது. நல்ல பொருளுக்கு விலை கிடைக்கும், சுமாரான பொருளுக்கு மரியாதை இருக்காது.

அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் ரசாயனம் இல்லாத காய், சிறுதானியம், கருப்பு கவுனி, மாப்பிள்ளைச் சம்பா போன்ற பாரம்பரிய அரிசி கேட்பவர்கள் அதிகம். நெல் ஜெயராமன் போன்றவர்கள் செய்த வேலையும், அதைப் பத்திரிகைகளும் இணையமும் கொண்டு சேர்த்ததும்தான் இந்த ரகப் பெயர்கள் இன்று நகரத்தில் புழங்கக் காரணம். இங்கே ஒரு குடியிருப்பில் ஒருவர் வாங்க ஆரம்பித்தால் அதே கட்டடத்தில் பத்துப் பேர் வருவார்கள்.

தி.நகர் வேறு மாதிரி. கடை, மெஸ், ஹாஸ்டல் நிறைந்த ஊர். வீட்டு ஆர்டரைவிட, தினமும் ஒரே அளவில் வெங்காயம், தக்காளி, கீரை எடுக்கும் சின்ன மெஸ்கள் அங்கே நல்ல வாடிக்கை. ஆனால் அவர்கள் கடன் கேட்பார்கள். வாரம் ஒருமுறை கணக்கு முடிக்கும் ஏற்பாட்டுக்கு மேல் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கணக்கு

பலர் சறுக்குவது இங்கேதான். மண்டியில் கிலோ 20 ரூபாய், வீட்டில் 50 ரூபாய், ஆகவே 30 ரூபாய் லாபம் என்று நினைக்கிறார்கள். நடுவில் ஆகும் செலவை ஓர் உதாரணத்தில் பார்ப்போம். கீழே உள்ள எண்கள் கணக்கு புரிவதற்காக மட்டுமே. உங்கள் ஊர் வாடகை, கூலியைப் போட்டு நீங்களே மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு குட்டி யானை வண்டி, டிரைவர், டீசல் சேர்த்து ஒரு நடைக்கு 3,500 ரூபாய். தரம் பிரிக்கவும் வீடு வீடாகக் கொடுக்கவும் இரண்டு ஆள் கூலி 1,600. ஆக 5,100 ரூபாய். பத்து வீடானாலும் நூறு வீடானாலும் இந்தச் செலவு நிற்கும். இதுபோக ஒரு வீட்டுக்குப் பை 10 ரூபாய். வாடல், உடைசல், திரும்பி வருவது என்று விற்பனையில் 100-க்கு 5 ரூபாய் கழியும். ஒரு வீடு சராசரியாக 5 கிலோ, கிலோ 50 ரூபாய் என்றால் 250 ரூபாய்க்கு வாங்குகிறது.

60 வீடு இருந்தால் விற்பனை 15,000. வண்டி, கூலி 5,100, பை 600, கழிவு 750 போக மிச்சம் 8,550. கிலோவுக்கு 28 ரூபாய் 50 காசு நிற்கிறது. மண்டியில் எல்லாச் செலவும் போகக் கைக்கு வருவது 20 ரூபாய் என்றால், 300 கிலோவுக்கு 2,550 ரூபாய் கூடுதல்.

அதுவே 30 வீடுதான் என்றால் விற்பனை 7,500. செலவெல்லாம் கழித்தால் மிச்சம் 1,725. கிலோவுக்கு 11 ரூபாய் 50 காசு. மண்டிக்கே போட்டிருக்கலாம்! இந்த உதாரணத்தில் 40 வீடுதான் சம நிலை. அதற்குக் கீழே போனால் நஷ்டம்.

ஆகவே முதலில் 40 வீடு எங்கே கிடைக்கும் என்று பாருங்கள். அதிலும் அந்த 40 வீடு நான்கைந்து குடியிருப்புகளுக்குள் இருக்க வேண்டும். மயிலாப்பூரில் பத்து, தி.நகரில் பதினைந்து, அடையாறில் பதினைந்து என்று சிதறிக் கிடந்தால் வண்டி மதியம் வரை சுற்றும், கீரை வதங்கிவிடும். மெட்ரோ வேலை நடக்கும் லஸ், மந்தைவெளிப் பக்கமும், தி.நகர் பனகல் பார்க் பக்கமும் காலை எட்டரைக்கு மேல் மாட்டினால் அன்றைய நடை அவ்வளவுதான். ஆறு மணிக்கு முதல் குடியிருப்பில் நிற்கும்படி கிளம்புங்கள். குடியிருப்பு வாசலில் ஒரு மணி நேரம் நின்று, ஆர்டர் கொடுத்தவர்கள் இறங்கி வந்து வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு செய்தால் ஓர் ஆள் கூலி மிச்சமாகும்.

தனி ஆளாக 300 கிலோவும் பத்து வகைக் காயும் வாரா வாரம் கொடுப்பது கடினம். பக்கத்துத் தோட்டக்காரர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து, ஆளுக்கு இரண்டு மூன்று காய் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஊரில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் இருந்தால் அதன் பெயரிலேயே செய்யலாம்.

வாட்ஸ்அப்பை எப்படிப் பயன்படுத்துவது?

குரூப் வேண்டாம் என்பது என் கருத்து. குரூப்பில் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும். ஒருவர் ஒரு அழுகிய தக்காளியைப் படம் எடுத்துப் போட்டால் நூறு பேர் பார்ப்பார்கள். காலை வணக்கமும் அரசியலும் வந்து சேரும். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பிராட்காஸ்ட் லிஸ்ட் போடுங்கள். ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போகும். அதனால் முதல் முறை காய் கொடுக்கும்போதே எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள்.

செவ்வாய்க்கிழமை என்ன காய் உண்டு, என்ன விலை என்று அனுப்புங்கள். வியாழன் இரவு எட்டு மணியோடு ஆர்டரை முடியுங்கள். வெள்ளி அறுவடை, சனி காலை விநியோகம். ஆர்டர் பார்த்து அறுத்தால் மிச்சம் விழாது; நேரடி விற்பனையின் பெரிய லாபமே அதுதான். படம் அன்றைக்கு உங்கள் வயலில் எடுத்ததாக இருக்கட்டும். மழையில் கீரை சேதமானால் அதையும் படம் எடுத்து அனுப்பி, இந்த வாரம் கீரை இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

யூடியூப், ஃபேஸ்புக் வீடியோ புதியவர்களைக் கொண்டுவரும். ஆனால் மதுரையில் இருப்பவர் லைக் போட்டு உங்களுக்கு ஒரு கிலோகூட விற்காது. நகரத்து அடுக்குமாடியில் ஒரு வாடிக்கையாளர் தன் குடியிருப்புக் குரூப்பில் எழுதும் இரண்டு வரிக்கு மதிப்பு அதிகம்.

விலைச் செய்தியைப் பார்த்து விதைக்காதீர்கள்

உழவன் செயலி 2018-ல் இருந்து இருக்கிறது. மத்திய அரசின் அக்மார்க்நெட் தளம் அதற்கு முன்பே உண்டு. இவற்றில் குறைந்தபட்சம், அதிகபட்சம், மோடல் என்று மூன்று விலை வரும். யூடியூப் தலைப்பில் வருவது பெரும்பாலும் அதிகபட்ச விலை. அது நன்றாகத் தரம் பிரித்த சில பெட்டிக்குக் கிடைத்தது. அன்று அதிகச் சரக்கு எந்த விலைக்குப் போனதோ அதுதான் மோடல். நீங்கள் பார்க்க வேண்டியது அது.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடைகளில் அரசு 60 ரூபாய்க்கு விற்றது. போனைத் திறந்தால் தக்காளிச் செய்திதான். அதைப் பார்த்து நட்டவர்களுக்கு, நடவு செய்து 60, 70 நாளில் காய் வரத் தொடங்கியபோது செப்டம்பர் ஆகிவிட்டது. விலை விழுந்து, பல மாநிலங்களில் பறிப்புக் கூலிக்குக் கட்டாமல் தக்காளியைச் சாலையில் கொட்டினார்கள். இன்றைய விலை, நேற்று நட்டவருக்கு வருவதல்ல. இரண்டு மாதத்துக்கு முன் நட்டவருக்கு வருவது. நேரடி வாடிக்கை வைத்திருப்பவர்கள் ஆண்டு முழுக்க ஒரே விலை, அல்லது மாதம் ஒருமுறை மட்டும் மாறும் விலை வைத்தால் இந்த ஏற்ற இறக்கத்தில் அடிபட மாட்டார்கள். விலை ஏறும் மாதம் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால், விழும் மாதம் வாடிக்கையாளர் விட்டுப் போகமாட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது?

விளைந்த காயை, பழத்தை அப்படியே விற்கும் விவசாயிக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பதிவு தேவையில்லை. ஆனால் மஞ்சளைத் தூளாக்கினால், எள்ளை ஆட்டி எண்ணெய் ஆக்கினால், மாவடுவை ஊறுகாய் போட்டால் நீங்கள் உணவு வணிகர். இணையத்திலேயே விண்ணப்பித்து அடிப்படைப் பதிவு எடுத்துவிடுங்கள். பாக்கெட்டில் பெயர், முகவரி, எடை, பேக் செய்த தேதி, அதிகபட்ச விலை இருக்க வேண்டும். செக்கு எண்ணெயைக் கேனில் இருந்து அளந்து ஊற்றி விற்பது தடை செய்யப்பட்டது. அடைத்துத்தான் விற்க வேண்டும்.

"ஆர்கானிக்" என்ற சொல்லில் கவனம் தேவை. சிறு உற்பத்தியாளர் தானே நேரடியாக நுகர்வோருக்கு விற்கும்போது சான்றிதழ் கட்டாயமில்லை. ஆனால் ஜைவிக் பாரத் முத்திரை போடக் கூடாது. கடைக்கோ கம்பெனிக்கோ கொடுக்கும்போது சான்றிதழ் வேண்டும். குறைந்தது ஐந்து விவசாயிகள் சேர்ந்தால் பிஜிஎஸ் இந்தியா குழுச் சான்று பெறலாம். தனிச் சான்றை விடச் செலவு மிகக் குறைவு. அதுவரை செய்ததைச் செய்தபடி சொல்லுங்கள்: "அடியுரம் மட்டும் போட்டோம், ஒருமுறை வேப்பெண்ணெய் அடித்தோம்." அடையாறு வாடிக்கையாளர்களுக்கு இது புரியும், அதற்கும் விலை கொடுப்பார்கள்.

பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. துணிப்பை இரண்டு வாங்கி மாற்றி மாற்றிக் கொடுப்பது நல்லது. கீரையை வாழைச் சருகில் சுற்றிக் கொடுத்தால் ஈரமும் நிற்கும்.

பண மோசடி

இதை வீட்டில் போன் பயன்படுத்தும் எல்லாரிடமும் படித்துக் காட்டுங்கள். "நான் ராணுவ அதிகாரி, கேம்புக்கு 200 கிலோ வெங்காயம் வேண்டும், முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆரை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்கள்" என்று அழைப்பு வரும். விலைகூடப் பேரம் பேசமாட்டார்கள். நமக்குப் பணம் வருவதற்கு ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, பின் நம்பர் போட வேண்டியதில்லை. பின் போட்டாலே பணம் நம் கணக்கில் இருந்து போகிறது என்று அர்த்தம். பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் காட்டினாலும் நம்பாதீர்கள். வங்கிக் கணக்கில் வரவு பார்த்த பிறகே சரக்கை இறக்குங்கள். ஏமாந்துவிட்டால் கூச்சப்படாமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு.

எப்போது ஆரம்பிக்கலாம்?

புரட்டாசி மாதம் ஏற்றது. பல வீடுகளில் கறி, மீன் நிறுத்தி, காய்கறி வாங்குவது கூடும் மாதம் அது. அடுத்து மார்கழி, தை. ஆனால் கார்த்திகை மழையில் செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கம் கீரையும் கொடிக் காயும் அடிபடும். வாடிக்கை பிடித்த உடனே சரக்கு இல்லை என்று சொல்லும்படி ஆகிவிடும். அதற்கு ஈடாகச் சில வாரம் வைத்திருந்து கொடுக்கக்கூடிய சேனை, சேம்பு, பூசணி கையில் இருக்க வேண்டும். பந்தல் அவரையை ஆடியில் ஊன்றினால் கார்த்திகைக் கடைசியில் இருந்து தை வரை காய் வரும். சித்திரை, வைகாசியில் நட்ட சேனை பொங்கலை ஒட்டித் தோண்டலாம். மயிலாப்பூர் வீடுகளுக்கு இவ்விரண்டும் இல்லாமல் பொங்கல் குழம்பு இல்லை. அந்த வாரத்துக்கான ஆர்டரை மார்கழி பிறந்ததுமே எழுதி வாங்கிவிடுங்கள்.