பூசணத்தின் பிணி: பயிர்க்கொல்லிகளைத் தாக்கும் வைரஸ்களும் துறைமுகக் காவலும்

முன்னுரை

ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் 1920ஆம் ஆண்டு முதல் முன்னின்று நடத்திய துறைமுகப் பணியில், கப்பல் வழிக்காகக் கொச்சிக் காயலிலிருந்து தோண்டியெடுத்த மண்ணைக் கொட்டி உயர்த்தப்பெற்ற வெலிங்டன் தீவு, மலைநாட்டு மிளகும் தேயிலையும் கடல் கடந்து செல்வதற்கு வாயிலாக இருப்பதைப் போலவே, அயல்நாட்டு விதையும் தானியமும் மரமும் நம் மண்ணில் இறங்குவதற்கும் வாயிலாக இருக்கிறது. அவ்வாறு இறங்குவனவற்றைச் சோதித்து அனுமதிக்கும் தாவரத் தொற்றுத்தடுப்பு நிலையம் இத்தீவில் இயங்கிவருகிறது. 1914ஆம் ஆண்டின் நாசகாரப் பூச்சிகள், பீடைகள் சட்டமே அப்பணிக்கு மூலாதாரம். பயிரைக் கொல்லும் பூசணங்களையே பிணிக்கும் வைரஸ்களைப் பற்றிய அறிவு வளர்ந்த சரித்திரத்தை ஆராயுமிடத்து, இத்தகைய நிலையங்களின் பணிக்கு இதுவரை போதிய அளவு உணரப்படாத ஒரு நியாயம் புலனாகிறது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பூசணமும் நோயுறும்

மனிதனுக்கும் விலங்குக்கும் செடிக்கும் வைரஸ் நோய் உண்டென்பது தெளிவாகிப் பல்லாண்டுகள் சென்ற பின்னரும், பூசணத்துக்கு அவ்வாறு ஒரு பிணி உண்டா என்ற வினா நெடுங்காலம் எழவே இல்லை. ஓட்ஸ் பயிரைத் தாக்கும் ஹெல்மிந்தோஸ்போரியம் விக்டோரியே என்ற பூசணம் தானே நலிவுறுவதையும், அந்நலிவு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுவதையும் 1959இல் லிண்ட்பெர்க் எடுத்துரைத்தார். ஆயினும் அதன் காரணம் அப்போது விளங்கவில்லை. பண்ணைகளில் வளர்க்கப்படும் உணவுக் காளான்கள் காம்பு நீண்டு, குடை சிறுத்து, விளைச்சல் குன்றி அழிந்துவந்த விசித்திரத்தை ஆராய்ந்த ஹாலிங்ஸ் என்ற ஆங்கில விஞ்ஞானி, நோயுற்ற காளான்களில் வைரஸ் துகள்களைக் கண்டு 1962இல் வெளியிட்டதே இத்துறையின் உண்மையான தொடக்கம். பின்னர் பெனிசிலியம் போன்ற பூசணங்களிலும் இவை காணப்பட்டன. இவற்றுள் பல தாம் குடியிருக்கும் பூசணத்துக்கு யாதொரு தீங்கும் புலப்படாதவாறு உறைந்திருப்பன என்பதும் தெரியவந்தது.

2. செஸ்நட் மரத்தின் சாட்சியம்

இவ்வறிவு உழவனுக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையை ஊட்டியது செஸ்நட் மரத்தின் வரலாறு. ஆசியாவிலிருந்து நாற்றுகளோடு கடல் கடந்து சென்ற ஒரு பூசணம், 1904இல் நியூயார்க் விலங்குக் காட்சிச்சாலை மரங்களில் முதன்முதல் கண்டறியப்பட்டு, ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குள் அமெரிக்கச் செஸ்நட் காடுகளைக் கோடானுகோடி மரங்களோடு பாழாக்கிற்று. 1938இல் அதுவே இத்தாலியின் துறைமுக நகரமான ஜெனோவாவின் சுற்றுப்புறத்தில் தோன்றியபோது, ஐரோப்பாவுக்கும் அதே கதி நேருமென்றே பலரும் அஞ்சினர்.

நேர்ந்ததோ வேறு. 1950களின் தொடக்கத்தில் பிராகி என்ற இத்தாலிய அறிஞர், நோய் கண்ட மரங்களுள் சில பட்டுப்போகாமல், புண்ணைச் சுற்றிப் பட்டை தடித்து, தாமே ஆறிவருவதைக் கண்டார். அத்தகைய புண்களிலிருந்து பூசணத்தை எடுத்து வளர்த்த பிரெஞ்சு விஞ்ஞானி கிராந்த், அது வழக்கமான செம்மஞ்சள் நிறமின்றி வெளுத்து வளர்வதையும், வீரியமுள்ள செம்மஞ்சள் பூசணத்தோடு ஒரே தட்டில் சேர்த்து வளர்த்தால் அதுவும் வெளுத்து வலிமை இழப்பதையும் கண்டு, இந்நிலையைக் குறைவீரியம் என்ற பொருள்படும் பெயரால் 1960களில் வழங்கினார். பிரான்சில் நோயுற்ற மரங்களின் புண்களைச் சுற்றி இவ்வெளிறிய பூசணத்தைப் புகுத்திக் காக்கும் முயற்சியும் தொடர்ந்தது.

3. நிரூபணமும் தடையும்

வெளிறிய பூசணங்களில் ஈரிழை ஆர்.என்.ஏ. இருப்பதை 1977இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். 1992இல் சோய், நஸ் என்ற இருவர் அந்த ஆர்.என்.ஏ.வையே மரபுப்பொருளாகக் கொண்ட வைரஸின் மரபுச் செய்தி முழுவதையும் டி.என்.ஏ. வடிவில் பிரதி செய்து, நோயற்ற பூசணத்தினுள் புகுத்தி, அது வலிமை குன்றுவதைக் காட்டியதோடு, வைரஸே காரணம் என்பது சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாயிற்று.

ஐரோப்பாவில் பலித்த வைத்தியம் அமெரிக்காவில் பெரும்பாலும் பலிக்கவில்லை. அதன் காரணமே நம் ஆய்வுக்கு மையமானது. இவ்வைரஸுக்குப் புரத உறை கிடையாது. பூசணத்தை விட்டு வெளியேறி மற்றொன்றை வெளியிலிருந்து தாக்க அது வல்லதன்று. இரு பூசணங்களின் இழைகள் ஒன்றோடொன்று இணையும் இடமே அதற்குப் பாலம். அந்த இணைப்போ, குறைந்தது ஆறு மரபிடங்களில் இரண்டும் ஒத்திருந்தால்தான் தங்குதடையின்றி நிகழும். ஒவ்வாத இரண்டை ஒரு தட்டில் அருகருகே வளர்த்தால், அவை சந்திக்கும் எல்லையில் இணைந்த அணுக்கள் மடிந்து, இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு விழுவதைக் கண்ணாலேயே காணலாம். வைரஸ் பெரும்பாலும் அக்கோட்டைத் தாண்டுவதில்லை. ஐரோப்பாவின் பல பிரதேசங்களில், இவ்வாறு தம்முள் ஒத்து இணையவல்ல பூசணக் குழுக்களாகிய இணக்க வகுப்புகள் சிலவே இருந்தமையால் வைரஸ் பரவிற்று. அமெரிக்காவில் அவை மிகப் பல்கியிருந்தமையால் வழி அடைபட்டது.

இவ்விதிக்கு விலக்கும் உண்டு. கடுகு இனப் பயிர்களைத் தாக்கும் ஸ்கிளிரோட்டினியாவில் 2010இல் சீன விஞ்ஞானிகள் கண்ட டி.என்.ஏ. வைரஸின் துகள்கள், இழைகளின் இணைப்பையே வேண்டாமல், பூசணத்தை வெளியிலிருந்தே தொற்ற வல்லவை. ஆயினும் பெரும்பான்மையான பூசண வைரஸ்களுக்கு இழையிணைப்பும் வித்தும் தவிர வேறு வழி அறியப்படவில்லை.

4. நம் பயிர்களின் நிலை

தஞ்சைக் கழனிகளில் 1919ஆம் ஆண்டு பெருஞ்சேதம் விளைத்த குலைநோயின் பூசணத்திலும் வைரஸ்கள் உண்டு. அவற்றுள் ஒன்று அப்பூசணத்தின் வளர்ச்சியைக் குன்றச் செய்வதை 2010இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டனர். மட்டாஞ்சேரிச் சந்தைக்கு மிளகு அனுப்பும் வயநாட்டில் கொடிகள் திடீரென வாடி மடியும் கொடுமை 1902ஆம் ஆண்டளவிலேயே பேசப்பட்டது. அதற்குக் காரணம் ஃபைட்டாஃப்தோரா என்பது 1966இல் உறுதியாயிற்று. ஃபைட்டாஃப்தோரா இன்றைய வகைப்பாட்டில் மெய்ப்பூசணம் அன்று; எனினும் அதன் இனங்களிலும் வைரஸ்கள் காணப்பட்டுள்ளன. அவற்றுள் உருளைக்கிழங்கைத் தாக்கும் இனத்தில் உள்ள ஒரு வைரஸ் வித்துப் பெருக்கத்தைக் குறைப்பதற்கு மாறாக மிகுவிக்கிறது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். ஆதலால் பூசணத்தின் வைரஸெல்லாம் உழவனின் நண்பன் என்று கொள்வது தவறு. ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தே துணிய வேண்டும்.

முடிவுரை

தொற்றுத்தடுப்பு விதிகள் பெரும்பாலும் இனத்தின் பெயரைக் கொண்டே அபாயத்தை நிர்ணயிக்கின்றன. ஒரு பூசணம் நாட்டில் ஏற்கெனவே பரவியிருந்தால், அதன் புதிய வருகை பொருட்டாகக் கருதப்படுவதில்லை. செஸ்நட்டின் சரித்திரம் இதற்கு மாறாகச் சான்று பகர்கிறது. ஏற்கெனவே உள்ள இனத்தின் புதியதொரு வகுப்பு வந்திறங்கினால், அது நோயை மிகுவிக்காவிட்டாலும், நோயைத் தணிக்கவல்ல வைரஸ் நடக்கும் பாதையில் மற்றொரு சுவரை எழுப்பக்கூடும். எனவே நம் நெல்லின் குலைநோய், இலையுறைக் கருகல் ஆகியவற்றின் பூசணங்களில் எத்தனை இணக்க வகுப்புகள் உள்ளன, அவற்றில் எவ்வெவ் வைரஸ்கள் உறைகின்றன என்பதை மாவட்டந்தோறும் கணக்கிட்டு, 1936 முதல் தில்லியில் பேணப்படும் இந்தியப் பூசண மாதிரித் தொகுப்பில் சேர்த்து வைப்பது உடனடிக் கடமை. அக்கணக்கு கைவசம் இருந்தாலன்றி, வெலிங்டன் தீவில் நின்று நாற்றைச் சோதிக்கும் அதிகாரியால், வந்திருப்பது பழைய பகையா, நாளைய மருந்தின் வழியை அடைக்கும் புதிய வகுப்பா என்று பகுத்தறிய இயலாது.