இரவுக் காட்டுக்கு எத்தனை லூமன் வேண்டும்?

களப்பணிக்குப் புறப்படும் இளம் ஆய்வாளர்கள் தவறாது கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: இரவில் விலங்குகளைக் காண எத்தனை லூமன் டார்ச் விளக்கு வாங்கலாம்? ஆயிரக்கணக்கான லூமன் ஒளியைப் பாய்ச்சும் உள்ளங்கையளவு விளக்குகள் இன்று கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. ஆகவே, வலிமை மிக்கதே சிறந்தது என்ற எண்ணமும் எளிதில் வேரூன்றிவிடுகிறது. இந்தியக் காடுகளுக்குள் செயற்கை ஒளி நுழைந்த வரலாறு இக்கேள்வியை வேறு விதமாகக் கேட்கத் தூண்டுகிறது. அவ்வரலாற்றின் மூன்று இரவுகளை இங்கே நினைவுகூர்கிறேன்.

முதல் இரவு 1926ஆம் ஆண்டு மே மாதத்தில், கட்வால் மலைப்பகுதியில் வந்தது. எட்டு ஆண்டுகளில் 125 பேரைக் கொன்றதாக அரசுப் பதிவேடுகள் குறித்திருந்த ருத்ரப்பிரயாகைச் சிறுத்தைக்காக, ஜிம் கார்பெட் ஒரு மாமரத்தில் காத்திருந்தார். அவருடைய துப்பாக்கியில் டார்ச் விளக்கு பொருத்தப்பட்டிருந்தது. கட்டி வைத்த ஆட்டின் கழுத்துமணி ஒலித்ததும் விளக்கின் பொத்தானை அழுத்தினார், சிறுத்தை தெரிந்தது, சுட்டார். சற்று நேரத்தில் விளக்கு மங்கி அணைந்தது. குறி தப்பவில்லை என்பதை அறிய அவர் விடியும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஒளிக்கு இடப்பட்ட பணி, இலக்கைக் கணநேரம் காட்டுவது மட்டுமே. ஒளியால் விலங்கைத் திகைக்கவைத்துக் கொல்லும் வழக்கம் அவரோடு முடிந்துவிடவுமில்லை. நெற்றியில் விளக்குக் கட்டி முயல் வேட்டைக்குச் செல்வோரை நம் ஊர்களும் அறியும்.

இரண்டாவது இரவு ஏறத்தாழ அதே காலத்தது. ஐக்கிய மாகாணத்தில் வன அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன், துப்பாக்கிக்கு மாற்றாகக் கேமராவைத் தேர்ந்தவர். விலங்கு நடந்துவரும் தடத்தின் குறுக்கே மெல்லிய கம்பியைக் கட்டுவார். புலியின் கால் அதில் பட்டதும் மக்னீசியப் பொடி வெடித்து ஒளிர, படம் தானாகவே பதிவாகும். இவ்வாறு எடுத்த படங்கள் 1925இல் 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' இதழில் வெளிவந்தன. 1927இல் அவருடைய முதல் நூல் வந்தது. படங்களை ஒப்பிட்டபோது, வரிகளின் அமைப்பைக் கொண்டு ஒரு புலியை மற்றொரு புலியிலிருந்து பிரித்தறியலாம் என்பதை அவர் உணர்ந்தார். எழுபது ஆண்டுகளுக்குப் பின் நாகரஹொளேயில் உல்லாஸ் காரந்த் தானியங்கிக் கேமராக்களைக் கொண்டு புலிகளின் எண்ணிக்கையை மதிப்பிட்ட முறையும் இந்த உண்மையின்மீதே நிற்கிறது. சாம்பியனின் ஒளி நொடிப்பொழுதே நீடித்தது. ஆனால் எது எந்தப் புலி என்ற கேள்விக்கு அதனால் விடை கிடைத்தது.

மூன்றாவது இரவு ஆந்திரத்தின் கடப்பை மாவட்டத்தைச் சேர்ந்தது. 1848ஐ ஒட்டி மருத்துவர் டி. சி. ஜெர்டான் அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்த கல்குருவி, 1900க்குப் பின் எவருடைய குறிப்பிலும் இடம்பெறவில்லை. தேடல்கள் பலனளிக்காததால் அது அழிந்திருக்கக்கூடும் என்றே பலரும் கருதினர். அதைப் பகலில் இயங்கும் பறவை என்று நம்பியதே தேடல்கள் பிழைத்ததற்கு முக்கியக் காரணம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர் பரத் பூஷண், அது இரவாடியாக இருக்கலாம் என்ற குறிப்பைப் பின்பற்றி உள்ளூர்ப் பறவைபிடிப்போரின் துணையை நாடினார். 1986 ஜனவரியில் அவர்களுள் ஒருவர், கையிலிருந்த டார்ச் விளக்கின் ஒளியில் அப்பறவையைப் பிடித்தார். 86 ஆண்டு இடைவெளி அத்துடன் முடிந்தது.

இந்நிகழ்வைப் பெரும்பாலும் மறுகண்டுபிடிப்பு என்று எழுதுகிறோம். எவருக்கு அது மறுகண்டுபிடிப்பு என்று கேட்பதில்லை. தெலுங்கில் அப்பறவைக்குக் கலிவிகோடி என்ற பெயர் உண்டு. நம் நூல்களோ அதை ஜெர்டான் பெயராலேயே குறிக்கின்றன. விளக்கேந்திய கைக்கு அப்பெயரில் இடமில்லை. அன்று வெற்றி தந்தது விளக்கின் வலிமையென்று கொள்வதற்கில்லை. எங்கே, எந்நேரத்தில், எப்படி ஒளி பாய்ச்ச வேண்டும் என்ற அறிவே அதைத் தந்தது. இதில் ஒரு துயரமும் உண்டு: பிடிபட்ட பறவை உயிர் பிழைக்கவில்லை. அதன் உடல் இன்று கழகத்தின் சேகரிப்பில் பாதுகாக்கப்படுகிறது. அறிவதற்காகப் பாய்ச்சும் ஒளிக்கும் விலையுண்டு என்பதை அது நினைவூட்டுகிறது.

இனி, தொடக்கக் கேள்விக்கு வருவோம். லூமன் என்பது விளக்கு உமிழும் மொத்த ஒளியின் அளவு. ஒரு திசையில் அது எவ்வளவு செறிவாகச் செல்கிறது என்பதைக் கேண்டலா சொல்லும். எட்டும் தொலைவை இருமடங்காக்க, செறிவை நான்கு மடங்காக்க வேண்டும். ஆகவே வலிமையைக் கூட்டிக்கொண்டே போவதால் கிடைக்கும் பயன் நாம் நினைப்பதைவிடக் குறைவு. மறுபுறம், இரவாடிப் பாலூட்டிகள் பலவற்றின் விழித்திரைக்குப் பின்னால் டபீட்டம் லூசிடம் என்னும் ஒளி எதிரொளிக்கும் படலம் உள்ளது. அது வந்த ஒளியை வந்த திசையிலேயே திருப்பி அனுப்புவதால், விளக்கைக் கண்ணருகே பிடித்தால் மிதமான ஒளியிலேயே விலங்கின் கண்கள் மின்னுவதைக் காணலாம். இருளுக்குப் பழகிய அதே கண்களில் கடும் ஒளியைப் பாய்ச்சினால், அவ்விலங்கு சிறிது நேரம் பார்வை தடுமாறும்.

எனவே ஒளியைப் படிப்படியாகக் குறைக்க இயலும் விளக்கையே வாங்குங்கள். சிவப்பு வடிகட்டி ஒன்றையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். தேவாங்கு போன்ற இரவாடிகளைக் கவனிப்போர் சிவப்பு ஒளியையே பெரிதும் பயன்படுத்துகின்றனர். விலங்கு தென்பட்டதும் ஒளியின் நடுப்பகுதியை அதன் முகத்திலிருந்து விலக்கிவிடுங்கள். சரணாலயங்களில் விலங்குகளைத் தொல்லைப்படுத்துவதை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கிறது. அனுமதியின்றி அங்கே நுழைவதும் குற்றமே. விளக்கைத் தேர்ந்தபின், அந்நிலத்தின் இரவை அறிந்த உள்ளூர்க்காரர் ஒருவரை அணுகுங்கள். அவர் காட்டித்தந்தவற்றை எழுதும்போது, அவர் இசைந்தால், அவருடைய பெயரையும் எழுதுங்கள்.