அசைவைச் சேமித்த கடிகாரம்

பாலத்தின் அதிர்விலிருந்து மின்சாரம் எடுத்து, அதன் நலத்தை அறிவிக்கும் சிறு கம்பியில்லாக் கருவிகளை இயக்க இன்று ஆராய்ச்சியாளர் முயல்கின்றனர். சிதறிப் போகும் அசைவைப் பிடித்து வேலை வாங்கும் இவ்வெண்ணம் புதியதன்று.

சுவிட்சர்லாந்தின் லெ லோக்ல் நகரினரான ஆபிரகாம் லூயி பெரெலே, சாவி கொடுக்க வேண்டாத சட்டைப்பைக் கடிகாரம் ஒன்றைச் செய்தார். கால் மணி நேரம் நடந்தால் அது எட்டு நாள் ஓடும் என ஜெனீவாக் கலைக் கழகம் 1777இல் குறித்தது. முதன்மை சார்த்தோன் என்பாருக்கே உரியது என்று வாதிடுவோரும் உளர்.

மனிதன் நடப்பான், நிற்பான், உறங்குவான், கடிகாரமோ பிசகலாகாது. உள்ளிருக்கும் எடைத்துண்டு எப்படி ஆடினும், அவ்வாட்டத்தை வில்லில் சுருட்டிச் சேர்த்துப் பின்னர் அளவாக விடுவதே அவர் கண்ட சூழ்ச்சி. ஆனால் பைக்குள் கிடந்த கடிகாரம் போதிய அளவு ஆடவில்லை. கடிகாரம் கைக்கு வந்த பின்னரே, ஆங்கிலேயரான ஜான் ஹார்வுட் 1924இல் சுவிஸ் காப்புரிமை பெற்றார். 1988இல் ஜப்பானின் சைக்கோ நிறுவனம் அத்தகைய எடையைக் கொண்டே சிறு மின்னாக்கி ஒன்றைச் சுழற்றியது.

அழுத்தினால் மின்னேற்றம் தரும் படிகங்களைக் கியூரி சகோதரர் 1880இல் கண்டனர். அத்தன்மையுள்ள பொருள் ஒட்டிய மெல்லிய தகடுகளே இன்றைய கருவிகள் பலவற்றில் உள்ளன. தகடு தனக்கு இசைந்த அதிர்வெண்ணில் மட்டுமே நன்கு ஆடும். பாலத்தின் மேல் லாரிகள் அக்கணக்கில் வருவதில்லையே! பெரெலேயின் எடைத்துண்டுக்கோ அத்தகைய பிடிவாதம் இருந்ததில்லை.