வளநாடு துறந்து வன்னிலம் நாடியோர்

வளங்குன்றிய நிலத்தை விட்டு வளமிக்க நிலத்தை நாடிச் செல்வது மாந்தர் இயல்பு. பஞ்சம் பிழைக்கப் புறப்பட்டோரும், பொருள் தேடிக் கடல் கடந்தோரும் இவ்வழிச் சென்றவர்களே. ஆயின், இவ்வியல்புக்கு மாறாகச் செல்வங் கொழித்த நகரங்களை விட்டுக் கல்லும் முள்ளும் நிறைந்த குன்றுகளைத் தேடிச் சென்றோரும் வரலாற்றில் உளர். தென்னாட்டுச் சமண வரலாறு அத்தகையோரின் அடிச்சுவட்டிலேயே தொடங்குகிறது.

கி.மு. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் மகதத்தை விஞ்சிய வளநாடு பாரதத்தில் இல்லை. அதன் தலைநகரான பாடலிபுத்திரம் 64 வாயில்களும் 570 கோபுரங்களும் கொண்டிருந்தது என்பது கிரேக்கத் தூதர் மெகஸ்தனிசின் கூற்று. அந்நகரிலிருந்து ஆண்ட சந்திரகுப்த மௌரியர் முடி துறந்து, பத்திரபாகு முனிவரைப் பின்பற்றித் தெற்கே வந்து, சிரவணபெளகொளாவில் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார் என்பது திகம்பர மரபு. அங்குள்ள சிறிய குன்று அவர் பெயராலேயே சந்திரகிரி எனப்படுகிறது.

பன்னிரண்டு யாண்டு வற்கடம் வரும் எனப் பத்திரபாகு முன்னறிந்து உரைத்ததே இப்பெயர்ச்சிக்குக் காரணம் எனப் பொதுவாகக் கூறப்படும். சந்திரகிரியில் உள்ள, ஏறத்தாழ கி.பி. 600ஆம் ஆண்டைச் சார்ந்த வடமொழிக் கல்வெட்டும் இவ்வாறே கூறுகிறது. ஆயின், அக்கல்வெட்டில் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. வடக்கிலிருந்து புறப்பட்ட சங்கத்தார், பல நூறு ஊர்களும் பொன்னும் விளைபொருளும் ஆநிரையும் எருமையும் ஆடும் நிறைந்த நாட்டை அடைந்தனர் என்று அது கூறுகிறது. பஞ்சத்திற்கு அஞ்சியதே முழுக் காரணமாயின், பயணம் அவ்வளநாட்டிலேயே முடிந்திருத்தல் வேண்டும். ஆசாரியரோ தம் இறுதி அணுகியதை உணர்ந்து சங்கத்தாரை விடுத்து, ஒரே ஒரு மாணாக்கருடன் கடவப்பிரம் என்னும் குன்றில் தங்கினார். கல்வெட்டு அவரைப் பிரபாசந்திரர் எனக் குறிக்கிறது. அவர் சந்திரகுப்தரே எனக் கொள்வாரும் உளர்.

ஆகவே, இங்கே இரு காரணங்களைப் பிரித்தறிய வேண்டும். முனிவர் தமக்கெனச் சமைத்த உணவை ஏலார். இல்லறத்தார் தமக்கெனச் சமைத்ததில் ஒரு பகுதியையே, நாளுக்கு ஒருமுறை, கையில் ஏற்பர். வற்கடக் காலத்தில் பெருஞ்சங்கம் ஒன்று ஓரூரில் தங்கினால், அக்கைப்பிடிச் சோறும் இல்லத்துக் குழந்தையின் பங்காகிவிடும். பிறர்க்குச் சுமையாகாமை அகிம்சையின் ஒரு கூறு. சங்கத்தார் நாடு விட்டுப் பெயர்ந்ததற்கு இது காரணமாகலாம். ஆசாரியர் வளநாட்டையும் விட்டு வெறும்பாறையைத் தேர்ந்ததற்குக் காரணம் தவமே. தனிமையும் ஓசையின்மையும் பற்றறுத்தலும் அவருக்குச் செல்வம். அவை நகரில் கிடைப்பன அல்ல.

தமிழகத்திலும் இதே நிலையைக் காணலாம். மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில் சமண முனிவர்க்கெனக் கற்படுக்கைகள் வெட்டப்பட்டன. மாங்குளத்துத் தமிழிக் கல்வெட்டுகள் கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்தவை என்பர். கணிநந்தாசிரியருக்குப் பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளரும், வெள்ளறை நிகமத்து வணிகரும் அங்கே பள்ளி அமைத்தனர். அழகர்மலைக் கல்வெட்டுகளோ உப்பு வணிகர், அறுவை வணிகர், கொழு வணிகர், பொற்கொல்லர் ஆகியோரைக் கொடையாளராகக் குறிக்கின்றன. அவ்வணிகர் மதுரையில் பொருளீட்டினர்; அப்பொருளின் ஒரு பகுதி மலையேறிக் கற்படுக்கையாயிற்று.

செஞ்சியை அடுத்த திருநாதர்குன்று இவ்வகையில் தலைசிறந்தது. ஒரே பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் திருவுருவங்கள் செதுக்கப்பட்டுள்ள அக்குன்றில், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்ததைக் கல்வெட்டு அறிவிக்கிறது. காவிரிச் சமவெளியின் செழிப்பு அப்பகுதிக்கு இல்லை. ஏரியையும் வானத்தையும் நம்பிய பாறைநிலம் அது. இன்றும் தமிழ்ச் சமணக் குடும்பங்களின் பூர்விக ஊர்கள் பெரும்பாலும் செஞ்சி, திண்டிவனம், வந்தவாசி, ஆரணி ஆகிய இவ்வட்டாரங்களிலேயே உள்ளன. ஜினகாஞ்சி எனக் காஞ்சியின் பெயரைத் தாங்கிய திருமடமும் மேல்சித்தாமூரிலேயே விளங்குகிறது.

இக்குடும்பங்களின் இளைய தலைமுறை கல்விக்கும் தொழிலுக்கும் நகரம் நோக்கிப் பெயர்ந்து வருகிறது. இல்லறத்தார் நேரிய வழியில் பொருளீட்டுவதைச் சமணம் விலக்கவில்லை. அழகர்மலை வணிகர் நகரிலேயே வாழ்ந்தனர். ஆயின் அவர்கள் குன்றை மறக்கவில்லை. பிறந்த ஊரின் ஜினாலயத்தில் நாள்தோறும் விளக்கெரிய வழிசெய்வோர், திருவிழாவிற்கேனும் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்வோர், பணி ஓய்வுக்குப் பின் அவ்வூரிலேயே குடியேறித் திருக்கோயிலைப் பேணுவோர் ஆகிய மூவகையினரும் அவ்வணிகரின் வழித்தோன்றல்களே. இறுதியாகக் கூறப்பட்டோர் எண்ணிக்கையில் மிகச் சிலர். அச்சிலரும் இல்லாது போனால், முனிவர் நாடிவந்த குன்றுகள் தொல்லியல் துறையின் அறிவிப்புப் பலகைகளோடு மட்டுமே நிற்கும்.