வீட்டு விலைக்குள் ஒளிந்திருக்கும் பள்ளிக் கட்டணம்

என்னிடம் தொடக்கப்பள்ளியில் பயின்ற மாணவர் ஒருவர் இன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பொறியாளராகப் பணிபுரிகிறார். டெட்ராய்ட் நகரின் புறநகர்ப் பகுதியில் வீடு வாங்கும் முயற்சியில் இருந்தபோது என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, இரண்டு வீடுகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே காலத்தில் கட்டியவை. நடுவில் ஓடுவது ஒரு சாலைதான். ஆனால் ஒன்றின் விலை மற்றதைவிட மிக அதிகம்" என்றார். காரணம் கேட்டேன். "சாலைக்கு அந்தப் பக்கம் வேறு பள்ளி வட்டாரம், ஐயா" என்றார்.

பிள்ளையின் பள்ளிக்கு அருகில் வீடு பார்ப்பது நம் நாட்டிலும் உள்ள வழக்கந்தான். எனினும் இங்கே கோலாலம்பூரில் பணியாற்றும் ஆசிரியருக்கும் பாலிங்கில் பணியாற்றும் ஆசிரியருக்கும் ஊதியம் வழங்குவது ஒரே கல்வி அமைச்சு. பள்ளியைச் சுற்றியுள்ள வீடுகளின் விலை அந்த ஊதியத்தைத் தீர்மானிப்பதில்லை. நம் முன்னோர் நிலையோ இன்னும் வேறு. தோட்டம் எங்கே இருந்ததோ அங்கே வீடு. வீடு எங்கே இருந்ததோ அங்கே பள்ளி. தேர்ந்தெடுக்க அவர்களுக்கு எதுவும் இருக்கவில்லை. ஆகவே, ஒரு சாலை எப்படி ஒரு வீட்டின் விலையை மாற்ற முடியும் என்னும் வினா என்னை விடவில்லை. விடை தேடிப் படிக்கத் தொடங்கியபோது அது 1647 வரை பின்னோக்கி இழுத்துச் சென்றது.

அவ்வாண்டில் மாசசூசெட்ஸ் குடியேற்றப் பகுதி ஒரு சட்டம் இயற்றியது. 50 குடும்பங்கள் உள்ள ஊர், எழுதப் படிக்கக் கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும். 100 குடும்பங்கள் உள்ள ஊர், இலக்கணப் பள்ளி ஒன்றை நிறுவ வேண்டும். கட்டளை மேலிருந்து வந்தது. செலவு ஊரார் தலையில் விழுந்தது. பின்னர் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தில் கல்வி என்னும் சொல்லே இடம்பெறவில்லை. பள்ளி என்பது ஊரின் பொறுப்பு, அதற்கான பணம் ஊரின் நிலத்தின் மீதும் வீட்டின் மீதும் விதிக்கப்படும் வரி என்னும் வழக்கம் நிலைபெற்றது. 1940ஆம் ஆண்டளவில் அந்நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளி வட்டாரங்கள் இருந்தன. பல இணைக்கப்பட்டுவிட்ட பிறகும் இன்று ஏறத்தாழ 13,000 வட்டாரங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வாரியமும் தனக்கென ஓர் எல்லைக்கோடும் கொண்டது.

செல்வரும் எளியவரும் ஒரே ஊரில் வாழும்வரை இந்த ஏற்பாட்டில் பெரிய குறை சொல்வதற்கில்லை. எல்லார் வரியும் ஒரே உண்டியலில் விழும். வசதி படைத்தோர் ஊரை விட்டு வெளியேறித் தமக்கென்று ஓர் ஊரை அமைத்துக்கொண்டால்? அப்போது உண்டியல் இரண்டாகிவிடும்.

இருபதாம் நூற்றாண்டில் நிகழ்ந்தது அதுதான். தானாக நிகழ்ந்தது என்று சொல்லிவிட முடியாது. அரசாங்கமே அதற்கு வழி வகுத்தது. பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், 1934இல், வீட்டுக் கடனுக்குக் காப்புறுதி அளிப்பதற்காகக் கூட்டரசு வீடமைப்பு நிர்வாகம் தொடங்கப்பட்டது. எந்தப் பகுதி வீட்டுக்குக் கடன் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக் கூடாது என்று மதிப்பீட்டாளர்களுக்குச் சொல்ல அது ஒரு கையேட்டை வெளியிட்டது. 1930களின் பிற்பகுதியில் வந்த அக்கையேட்டில் பள்ளியைப் பற்றியும் ஒரு குறிப்பு உண்டு. ஒரு பகுதியின் பிள்ளைகள், சமூக நிலையில் தாழ்ந்தோரோ பொருந்தாத இனத்தவரோ மிகுதியாகப் பயிலும் பள்ளிக்குச் செல்ல நேர்ந்தால், அப்பகுதி நிலைத்தன்மையும் விரும்பத்தகு தன்மையும் குன்றியதாக மதிக்கப்படும் என்பது அதன் சாரம். வகுப்பில் யார் அருகே யார் அமர்கிறார் என்பது வீட்டின் விலைக் கணக்கில் எழுத்து வடிவில் ஏறிவிட்டது. ஆசிரியன் என்ற முறையில், இந்த வரலாற்றில் என்னை மிகவும் தொந்தரவு செய்த பக்கம் இதுவே.

அந்தக் கணக்கு எவ்வாறு நடைமுறைக்கு வந்தது என்பதற்கு டெட்ராய்ட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. நகரின் வட எல்லையான எட்டு மைல் சாலைக்குச் சற்றுத் தெற்கே கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதி ஒன்று. அதனை ஒட்டி வெள்ளையருக்காக வீடுகள் கட்ட விரும்பிய நிறுவனத்துக்குக் கடன் காப்புறுதி மறுக்கப்பட்டது. 1941இல் இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ அரை மைல் நீளத்துக்கு ஆறடி உயரச் சுவர் ஒன்று எழுப்பப்பட்டது. காப்புறுதி கிடைத்தது. அச்சுவரின் பகுதிகள் இன்றும் நிற்கின்றன; பிற்காலத்தில் அதன் மீது வண்ண ஓவியங்கள் தீட்டியிருக்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் புறநகர்கள் பெருகிய வேகம் வியக்கத்தக்கது. நியூயார்க்குக்கு அருகே 1947இல் தொடங்கப்பட்ட லெவிட்டவுனில் நான்கே ஆண்டுகளில் 17,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. போர்வீரர்களுக்குச் சலுகைக் கடன் கிடைத்தது. வெள்ளையர் அல்லாதோர் குடியிருக்கக் கூடாது என்று தொடக்க கால ஒப்பந்தத்திலேயே அச்சிட்டிருந்தார்கள். அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என 1948இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரும் வழக்கம் எளிதில் மாறவில்லை. இளங்குடும்பங்கள் வந்தன, அவர்களின் வரியில் புதிய பள்ளிகள் வந்தன, அந்தப் பள்ளிகளைப் பார்த்து மேலும் குடும்பங்கள் வந்தன.

1954 மே 17ஆம் நாள் வெளிவந்த பிரவுன் வழக்குத் தீர்ப்பை நம்மில் பலர் அறிவோம். இனவாரியாகப் பள்ளிகளைப் பிரித்து வைப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது. தென் மாநிலங்களில் பிரித்து வைத்தது சட்டம். ஆகவே சட்டத்தை உடைத்தால் போதும் என்று தோன்றியது. வட மாநிலங்களில் பிரித்து வைத்தது முகவரி. முகவரியை எந்தத் தீர்ப்பால் உடைப்பது?

இந்த வினாவுக்கு 1973, 1974 ஆகிய அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு விடைகள் வந்தன. பிரவுன் தீர்ப்பு பெற்ற புகழில் நூற்றில் ஒரு பங்கும் இவை பெறவில்லை. ஆனால் என் மாணவர் பார்த்த இரு வீடுகளின் விலையைப் புரிந்துகொள்ள இவையே வேண்டும்.

முதலாவது டெக்சஸ் மாநிலத்தின் சான் அந்தோனியோ நகரைச் சேர்ந்தது. அந்நகரின் எட்ஜ்வுட் வட்டாரத்தில் ஏறத்தாழ 22,000 மாணவர்கள். பத்தில் ஒன்பது பேர் மெக்சிக்க வம்சாவளியினர். 1968 மே மாதம் எட்ஜ்வுட் உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் சுமார் 400 பேர், பழுதடைந்த கட்டடத்தையும் தகுதி பெற்ற ஆசிரியர் பற்றாக்குறையையும் கண்டித்து வகுப்பை விட்டு வெளியேறினர். அதனைத் தொடர்ந்து டெமெட்ரியோ ரோட்ரிகெஸ் என்னும் தந்தையும் வேறு சில பெற்றோரும் வழக்குத் தொடுத்தனர். ரோட்ரிகெஸ் விமானப்படைத் தளத்தில் உலோகத் தகடு வேலை செய்த தொழிலாளி.

நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட எண்களைப் பாருங்கள். எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1 டாலர் 5 காசு வரி செலுத்தினர். அதே நகரப் பரப்பில் இருந்த வசதி மிக்க அலமோ ஹைட்ஸ் வட்டாரத்தினர் செலுத்தியது 85 காசு மட்டுமே. கூடுதல் விகிதத்தில் வரி கட்டிய எட்ஜ்வுட்டுக்குக் கிடைத்தது மாணவர் ஒருவருக்கு 26 டாலர். குறைவாகக் கட்டிய அலமோ ஹைட்ஸுக்குக் கிடைத்தது 333 டாலர். காரணம் எளிது. ஒரு மாணவருக்கு இத்தனை சொத்து என்று கணக்கிட்டால் எட்ஜ்வுட்டில் 5,960 டாலர். அலமோ ஹைட்ஸில் 49,000 டாலருக்கும் மேல். மாநில, கூட்டரசு உதவிகளையும் சேர்த்த பிறகு 1967-68இல் ஒரு மாணவருக்கான தொகை அங்கே 594 டாலர், இங்கே 356 டாலர். ஏழைகள் கல்வியில் அக்கறை இல்லாதவர்கள் என்று பேசுவோர் இந்த 1 டாலர் 5 காசை நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது.

1973 மார்ச் 21ஆம் நாள், ஐந்துக்கு நான்கு என்னும் கணக்கில் பெற்றோர் தோற்றனர். கல்வி அரசியலமைப்பு உறுதியளிக்கும் அடிப்படை உரிமையன்று என்பது பெரும்பான்மையின் நிலை. அத்தீர்ப்பை எழுதிய நீதிபதி லூயிஸ் பவல் முன்னர் ரிச்மண்ட் நகரப் பள்ளி வாரியத்தின் தலைவராக இருந்தவர்.

இரண்டாவது வழக்கு டெட்ராய்ட்டுடையது. 1970ஆம் ஆண்டளவில் அந்நகரப் பள்ளி மாணவர்களில் ஏறத்தாழ மூவரில் இருவர் கறுப்பினத்தவர். சுற்றியிருந்த புறநகர்கள் பெரும்பாலும் வெள்ளையருடையவை. நகரத்துக்குள் மட்டும் பிள்ளைகளை இடம் மாற்றினால் எஞ்சிய வெள்ளையரும் எல்லையைக் கடந்து போய்விடுவர் என்பது வெளிப்படை. எனவே கூட்டரசு மாவட்ட நீதிபதி ஸ்டீபன் ராத், 1972இல், நகரத்தோடு 53 புறநகர் வட்டாரங்களையும் இணைத்து, ஏறத்தாழ 7 லட்சத்து 80 ஆயிரம் மாணவர்களை ஒரே திட்டத்துக்குள் கொண்டுவர ஆணையிட்டார். பேருந்தில் பிள்ளைகளை அனுப்புவது பற்றிய கோபம் எத்தகையது என்பதற்கு ஒரு செய்தி: முந்தைய ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள், அருகிலுள்ள பாண்டியாக் நகரில் பத்துப் பள்ளிப் பேருந்துகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன.

1974 ஜூலை 25ஆம் நாள், மீண்டும் ஐந்துக்கு நான்கு. புறநகர் வட்டாரங்கள் குற்றம் புரிந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை. ஆகவே பரிகாரத்தில் அவற்றைச் சேர்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் ராத்தின் ஆணையைத் தள்ளியது. பிரவுன் வழக்கில் கறுப்பினப் பெற்றோருக்காக வாதாடி வென்ற தர்குட் மார்ஷல் இப்போது அதே நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்திருந்தார். இரண்டு தீர்ப்புகளிலும் அவர் மறுப்புரை எழுதினார்.

முதல் தீர்ப்பின்படி, பணம் எல்லைக்கோட்டைக் கடக்க வேண்டியதில்லை. இரண்டாம் தீர்ப்பின்படி, பிள்ளைகளும் கடக்க வேண்டியதில்லை. இனி கடக்கக்கூடியவை குடும்பங்கள் மட்டுமே, அதுவும் அந்தப் பக்கத்து வீட்டை வாங்கும் வசதி உள்ளவை. சார்ல்ஸ் டீபூ என்னும் பொருளியல் அறிஞர் 1956இலேயே இதனை ஒரு கோட்பாடாக எழுதியிருந்தார்: கடைத்தெருவில் பொருளைத் தேர்வது போல மக்கள் தமக்குப் பிடித்த வரியும் சேவையும் உள்ள ஊரைத் தேர்ந்து குடியேறுவர் என்று. கோட்பாடு அழகானதுதான். கடைக்குள் நுழையவே சிலருக்கு அனுமதி மறுக்கப்பட்ட காலத்தில் எழுதப்பட்டது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பள்ளிக்காக வீட்டு விலையில் எவ்வளவு கூடுகிறது என்பதை 1999இல் சான்ட்ரா பிளாக் என்னும் ஆய்வாளர் அளந்து காட்டினார். போஸ்டன் புறநகர்களில், ஒரே வட்டாரத்துக்குள், இரு தொடக்கப்பள்ளிகளின் சேர்க்கை எல்லைக்கு இருபுறமும் உள்ள வீடுகளை அவர் ஒப்பிட்டார். வரி ஒன்று, சுற்றுப்புறம் ஒன்று, பள்ளி மட்டும் வேறு. தேர்வு மதிப்பெண் 5 விழுக்காடு கூடுதலாக இருந்தால், பெற்றோர் வீட்டுக்கு ஏறத்தாழ 2.5 விழுக்காடு கூடுதலாகக் கொடுத்தனர். கட்டணமில்லாப் பள்ளியின் கட்டணம் இதுதான் போலும்.

பிற்காலத்தில் மாநிலங்கள் தத்தம் வழியில் சிலவற்றைச் சீர்செய்தன என்பதை மறைக்கலாகாது. 1989இல் டெக்சஸ் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம், அம்மாநில அரசியலமைப்பைக் காட்டி, எட்ஜ்வுட் வட்டாரத்துக்குச் சாதகமாக ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மிச்சிகனில் 1994இல் மக்கள் வாக்களித்து, பள்ளி நடைமுறைச் செலவின் பெரும்பகுதியை வீட்டு வரியிலிருந்து விற்பனை வரிக்கு மாற்றினர். விற்பனை வரி 4 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாயிற்று. ஆயினும் கட்டடம் எழுப்புவதற்கான பணம் பெரும்பாலும் வட்டாரத்தின் கையிலேயே நின்றது. பணத்தின் ஏற்றத்தாழ்வு சுருங்கிய பின்னும் சாலைக்கு இரு மருங்கிலும் விலை வேறுபடுவது ஏன் என்றால், பெற்றோர் வாங்குவது கரும்பலகையையும் நூலகத்தையும் மட்டுமன்று. பக்கத்து மேசைப் பிள்ளையின் குடும்பத்தையும் சேர்த்துத்தான் என்றே எனக்குப் படுகிறது. அந்தப் பழைய கையேடு சொன்னதும் இதனைத்தானே!

வீடு வாங்க இயலாதவர் எல்லையைக் கடந்தால் என்ன ஆகும்? ஒஹாயோ மாநிலத்தின் ஏக்ரன் நகரத் தாய் ஒருவர், தம் இரு மகள்களையும் அவர்களின் தாத்தா வாழ்ந்த புறநகரின் பள்ளியில் சேர்த்திருந்தார். பிள்ளைகள் அந்த முகவரியில் வசிப்பதாகப் படிவங்களில் காட்டியிருந்தார். வட்டாரம் துப்பறிவாளரை அமர்த்தி அவர்களைக் கண்காணித்தது. 2011இல் அத்தாய் ஒன்பது நாட்கள் சிறையில் இருந்தார். அதே ஆண்டில் மாநில ஆளுநர் அவருடைய குற்றத்தின் தரத்தைக் குறைத்தார்.

இவற்றையெல்லாம் மாணவரிடம் இன்னொரு நாள் தொலைபேசியில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "தெரியும், ஐயா. ஆனால் மகளுக்கு ஐந்து வயதாகிறதே" என்றார். தந்தையாக நான் வேறு என்ன சொல்லியிருப்பேன்? விலை கூடிய வீட்டையே வாங்கியிருக்கிறார். 30 ஆண்டுக் கடன். மாடி அறைச் சன்னலிலிருந்து பார்த்தால் சாலைக்கு அப்பாலுள்ள மற்ற வீடு தெரியுமாம். அதிலும் ஒரு குடும்பம் குடிவந்துவிட்டது. அவர்களுக்கும் சிறு பெண் ஒருத்தி இருக்கிறாள் என்றார். காலையில் இரண்டு மஞ்சள் பேருந்துகள் வருகின்றன, ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம்.